சந்தனம் வைத்த சிபியு

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. காலையிலிருந்து ஒட்டடை அடித்தேன். கண்ணில் தூசி விழுந்தது. பாக்கியம் ஊதிவிட்டாள். அவள் பொட்டுக்கடலை தின்றுகொண்டிருந்ததால் தூசி போய் பொட்டுக்கடலை விழுந்தது. மனைவி என்பதால் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை.

குழலியின் அறையை மட்டும் சுத்தம் செய்ய எனக்கு அனுமதி இல்லை. இந்த டைரியை என்றைக்காவது யாராவது படித்தால் புரியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்: கார்குழலி என் ஒரே மகள். குழந்தைப் பாட்டுகளுக்கு யானை, முயல், தக்காளி எல்லாம் ஆடுவதுபோல் பொம்மைப் படம் செய்கிற வேலை. திண்டுக்கல்லில் நம் வீட்டிலேயே உட்கார்ந்து செய்கிறாள், மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடுகிறது. ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அறையில் அவளுடைய கம்ப்யூட்டர் இருக்கிறது. கடையில் முழுசாக வாங்கியது அல்ல. இரண்டு வருஷமாக ஒவ்வொரு பாகமாக வரவழைத்து, தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்து, அவளே திருகாணி முடுக்கிச் சேர்த்தது. சிபியு பெட்டிக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஃபேன்கள் சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறி மாறி எரியும். தேர்த் திருவிழாவில் ராட்டினத்துக்குக்கூட இவ்வளவு விளக்கு கிடையாது. நான் அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு ஆளைப் பார்த்தாலே டிக்கெட் எடுத்தவனா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இந்தப் பெட்டியைப் பார்த்தால் மட்டும் எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றாது.

அக்டோபர் 11, வெள்ளி

பூஜை சிறப்பாக முடிந்தது.

காலையில் குழலி பூ வாங்கக் கிளம்பினாள். போகும்போது அம்மாவிடம் கம்ப்யூட்டரைப் பற்றி ஏதோ சொன்னாள். மிக்ஸி ஓடியதில் பாக்கியத்துக்கு ஒன்றும் விழவில்லை. வழக்கம்போல "சரி சரி" என்றாள்.

நான் எல்லா இயந்திரங்களுக்கும் ஓய்வு கொடுத்தேன். பூஜை அன்று ஆயுதம் உழைக்கக்கூடாது. மிக்ஸி, கிரைண்டர், டிவி, தையல் மெஷின், என் மொபெட். குழலியின் பெட்டி மட்டும் ஆளில்லாத அறையில் எரிந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது, அதன் கீழே இங்கிலீஷில் ஏதோ வேண்டுகோள் எழுதியிருந்தது. நான் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. சுவர் ஸ்விட்சைத் தட்டினேன். அதுவும் உழைக்கிற ஜீவன்தானே. பிறகு பெட்டியின் கண்ணாடிக் கதவைக் கழற்றி, துணியால் துடைத்து, நெற்றிப் பக்கம் பட்டை சந்தனமும், ஒவ்வொரு ஃபேனுக்கும் நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்து, கதவைத் திரும்ப மாட்டினேன். மிக லட்சணமாக இருந்தது.

குழலி வந்து பார்த்து, "அணைச்சிட்டீங்களா? சரி, அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்" என்றாள். என்ன முடிந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

சுண்டலில் உப்பு கம்மி.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து எல்லா இயந்திரங்களையும் திரும்ப ஓட்டினோம். மிக்ஸி ஓடியது. கிரைண்டர் ஓடியது. மொபெட் இரண்டு உதையில் கிளம்பியது. குழலியின் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை.

விளக்கெல்லாம் எரிகிறது. ஃபேன் சுற்றுகிறது. திரை நீலமாகிறது. 'பழுது பார்க்கிறேன்' என்கிறது. அப்புறம் 'பழுது பார்க்க முடியவில்லை' என்கிறது. தானாக அணைந்து, தானாக எழுந்து, மறுபடி 'பழுது பார்க்கிறேன்' என்கிறது. டெப்போவில் இப்படி ஒரு மெக்கானிக் இருந்தார்.

குழலி சொன்னதன் சாரம்: நேற்று அது புது சாஃப்ட்வேருக்கு அப்டேட் ஆகிக்கொண்டிருந்ததாம். அந்த நேரத்தில் அணைக்கவே கூடாதாம். பாதியில் கரண்ட் போனதால், பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் நிற்கிறதாம். ரொம்ப நேரம் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

பாதியில் கரண்டை நிறுத்தியவர் யார் என்பதைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அதுதான்.

அக்டோபர் 13, ஞாயிறு

விசாரணை.

முதலில் மின்வாரியம். வெள்ளிக்கிழமை காலை எங்கள் தெருவில் மின்தடை உண்டா என்று போன் செய்து கேட்டேன். இல்லை என்றார்கள். உறுதியாகச் சொல்ல முடியுமா என்றேன். போனை வைத்துவிட்டார்கள். வைத்த வேகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதுபோல் தெரியவில்லை.

இரண்டாவது, பக்கத்து வீட்டுப் பூனை. அது ஸ்விட்ச் உயரத்துக்குத் தாவுமா என்று பார்க்க ஒரு கருவாட்டுத் தலையை ஸ்விட்சுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். தாவியது. ஆனால் ஸ்விட்சை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டது. டிஞ்சர் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது பாக்கியம். வெள்ளிக்கிழமை காலை எங்கே இருந்தாய் என்று முறைப்படி கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சந்தேகத்துக்குரிய நடத்தை.

அக்டோபர் 14, திங்கள்

கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோனோம். நான் மொபெட்டை ஓட்ட, குழலி பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். மேலே போர்வை சுற்றியிருந்தோம். நாகல் நகர் சிக்னலில் காற்றில் போர்வை விலகியது. பக்கத்தில் ஷேர் ஆட்டோவில் இருந்த ஒரு அம்மாள் உள்ளே உற்றுப் பார்த்து, மீன் எல்லாம் செத்துவிட்டதா என்று அனுதாபத்தோடு கேட்டார். குழலி, ஆமாம் என்றாள். எதற்கு அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. அந்த அம்மாள் பாவம், உச்சுக்கொட்டினார்.

கடைக்காரர் பெயர் ஜெரால்டு. எதைச் சொன்னாலும் "ஃபார்மட் பண்ணிரலாம்" என்கிறார். ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. வீட்டில் எலி இருக்கிறது என்றால் வீட்டை இடித்துக் கட்டச் சொல்வதுபோல.

அவர் கண்ணாடிக் கதவைக் கழற்றியதும், "சார், ஃபேனுக்குப் பொட்டு வச்சிருக்கு" என்றார். நான் கடைக்கு வெளியே போக்குவரத்தைக் கவனித்தேன். நெரிசல் அதிகம்.

உள்ளே குழலி அவரிடம் பேசியது காதில் விழுந்தது. ஃபார்மட் கூடாது, அதில் தான் தனியாகச் செய்த படம் ஒன்று இருக்கிறது, கடைசி இரண்டு மாத வேலைக்கு வேறெங்கும் நகல் இல்லை, இருபத்தொன்றாம் தேதிக்குள் பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு அனுப்பவேண்டும், அதைப் பார்த்துத்தான் வேலை தருவார்கள், அங்கேயே வந்து இருக்கவேண்டிய வேலை. இப்படிச் சொன்னாள்.

என்னிடம் சொல்லாததற்குக் காரணம் இருக்கும். மறந்திருப்பாள்.

பெட்டியை ஜெரால்டிடம் விடாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். வரும் வழியில் நானும் பேசவில்லை. மொபெட் சத்தத்தில் பேசுவது பாதுகாப்பானது அல்ல.

அக்டோபர் 15, செவ்வாய்

பெங்களூரில் தண்ணீர் சரியில்லை என்று கேள்வி. குளிர் வேறு.

குழலி தன் சிநேகிதியின் லேப்டாப்பை இரவல் வாங்கி வந்தாள். அதை வைத்து ஒரு பென் டிரைவில் புது சாஃப்ட்வேரை ஏற்றினாள். செத்த கம்ப்யூட்டரில் அதைச் செருகினால், கம்ப்யூட்டர் தன் சொந்த மூளையை விட்டுவிட்டு பென் டிரைவின் மூளையை வைத்து எழுந்திருக்குமாம். உள்ளே போய்ப் படத்தை வெளியே எடுத்துவிடலாம், அப்டேட்டையும் பின்வாங்க வைக்கலாம் என்றாள்.

எழுந்திருக்கவில்லை. பென் டிரைவைத் திருப்பிச் செருகினாள், வேறு ஓட்டையில் செருகினாள். நான் வாயால் ஊதிச் செருகச் சொன்னேன். ரேடியோ காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். அவள் என்னைப் பார்க்காமல், "நன்றிப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் குளிக்கப் போனபோது ஃபேன்களில் இருந்த குங்குமத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்து எடுத்தேன். சுத்தம் கருதி. வேறு காரணம் இல்லை.

அக்டோபர் 16, புதன்

விசாரணை முடிவுக்கு வந்தது.

பாக்கியம் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "என்னங்க, இன்னும் எத்தன பூனைய விசாரிப்பீங்க? பொட்டு வச்சது யாரு? வச்சவருதான அணைச்சிருப்பாரு."

பொட்டு வைத்தவரும் அணைத்தவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வாய்ப்புண்டு என்று எடுத்துச் சொன்னேன். அவள் கீரைத் தண்டை ஒடித்தாள்.

குழலிக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். சனிக்கிழமை, கம்ப்யூட்டர் கிளம்பாத முதல் நிமிஷமே தெரியுமாம். "அப்பாகிட்ட சொல்லாதம்மா, வருத்தப்படுவாரு" என்றாளாம். என் விசாரணையைத் தடுக்கவேண்டாம், அவருக்குப் பொழுது போகட்டும் என்றும் சொன்னாளாம்.

ஆக, இந்தச் சம்பவத்துக்கு நான் காரணமாக இருக்கலாம் என்று வீட்டில் ஒரு கருத்து நிலவுகிறது. பதிவு செய்கிறேன்.

மாலையில் நடக்கப் போனேன். பஸ் ஸ்டாண்டு வரை போய், பழைய ஆட்களிடம் பேசி, திண்டுக்கல்லில் பொம்மைப் படக் கம்பெனி ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தேன். ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை இருக்கிறதாம். பூப்புனித விழாவுக்கு மயில் எல்லாம் நன்றாகப் போடுகிறார்களாம். குழலியிடம் சொன்னேன். யோசிக்கிறேன் என்றாள். யோசித்த மாதிரி தெரியவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

பென் டிரைவ் வேலை செய்துவிட்டது. பெட்டிக்குள் ஏதோ ஒரு இடத்தில் 'முதலில் இதைப் பார்' என்று மாற்றி வைக்கவேண்டுமாம், அதை வைக்காததுதான் கோளாறு. குழலி முகத்தில் ஆறு நாள் கழித்து வெளிச்சம்.

அந்த வெளிச்சம் காபி ஆறுவதற்குள் போய்விட்டது. உள்ளே போகப் பார்த்தால், ஹார்டு டிஸ்க் பூட்டியிருக்கிறது. திறக்க நீளமான ஒரு எண் கேட்கிறது. யாரும் திருடிவிடக்கூடாது என்று கம்ப்யூட்டர் தானே போட்டுக்கொண்ட பூட்டாம். சொந்தக்காரியையே திருடியாக நினைக்கிறது. எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் மேல் முதல் முறையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

அந்த எண், குழலி கல்லூரியில் படிக்கும்போது ஆரம்பித்த பழைய மெயிலில் இருக்கிறது. அந்த மெயிலின் பாஸ்வேர்டு அவளுக்கு மறந்துவிட்டது. புது பாஸ்வேர்டு வைக்கலாம், ஆனால் ஓடிபி வேண்டும். ஓடிபி போகிற போன் நம்பர், அந்தக் காலத்தில் அவளுக்குப் போன் இல்லாததால், என் நம்பர்.

"அப்பா, இப்ப ஒரு மெசேஜ் வரும். அதுல இருக்கிற நம்பரச் சொல்லுங்க."

வந்தது. நான் பார்த்தேன். சொல்லவில்லை.

இதை விளக்கவேண்டும். ஓய்வூதியக்காரர்களுக்கு எங்கள் வங்கியில் ஒரு விழிப்புணர்வு முகாம் நடந்தது. பெற்ற பிள்ளையே கேட்டாலும் ஓடிபி சொல்லக்கூடாது என்று அந்த அதிகாரி தெளிவாகச் சொன்னார். பெற்ற பிள்ளையே என்று சொன்னார். கூட்டத்தில் நன்றியுரை சொன்னவன் நான். நன்றியுரை சொல்லிவிட்டு விதியை மீறினால் என்ன மரியாதை?

குழலி முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். அப்புறம் விளக்கினாள். எண்ணுக்கு நேரம் முடிந்துவிட்டது. மறுபடி வரவழைத்தாள். அதற்கும் நேரம் முடிந்தது. மூன்றாவது தடவை போனை நான் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கடைசியில் மெயில்காரர்கள், நிறையத் தடவை முயன்றுவிட்டீர்கள், ஒரு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் லேப்டாப்பை மூடினாள். "பெங்களூர்னால தானப்பா?" என்றாள்.

விதியினால் என்றேன்.

அக்டோபர் 18, வெள்ளி

காலை உப்புமா. மதியம் உப்புமா. இரவும் அதுவே என்று தகவல்.

பாக்கியம் என்னிடம் பேசவில்லை. பாத்திரங்கள் பேசின.

நான் விதியைத்தான் கடைப்பிடித்தேன். பெங்களூருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வங்கிக்குப் போய் அந்த அதிகாரியையே கேட்டுவிடலாம் என்று போனேன். மகள் ஓடிபி கேட்கிறாள், என்ன செய்யலாம் என்றேன். பணம் எடுக்கவா என்றார். இல்லை, அவளே செய்த ஒரு படத்தை எடுக்க என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சார், உங்க பொண்ணுதான?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அக்டோபர் 19, சனி

காலையில் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே குழலி அம்மாவுக்குப் பூண்டு உரித்துக்கொடுத்தபடி பேசிக்கொண்டிருந்தாள். "விடும்மா. அடுத்த வருஷமும் கூப்பிடுவாங்க. அப்ப அனுப்பிக்கலாம். ஜெரால்டு அண்ணன்கிட்டயே குடுத்து ஃபார்மட் பண்ணச் சொல்லிரலாம்."

குரலில் ஒன்றுமே இல்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கத்துகிறவர்களைப் பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை, எப்படியாவது ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். 'பரவாயில்லைங்க, காலைல போய்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

பேப்பரில் எந்த வரி படித்தேன் என்று தெரியவில்லை. எழுந்து, நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

"குழலி, இங்க வா. அந்த ஓடிபிய அனுப்பச் சொல்லு."

வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் பூண்டுத் தோல். "வேணாம்ப்பா. நீங்க சொல்ல மாட்டீங்க."

"ஆள் அடையாளம் சரியா இருந்தா சொல்லலாம்னு நெனைக்கிறேன்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள். குழலி வந்து லேப்டாப்பைத் திறந்து ஏதோ அழுத்தினாள். என் போன் சட்டைப் பையில் அதிர்ந்தது. எடுத்து, திரை தெரியாமல் பிடித்துக்கொண்டேன்.

"பேரு?"

"கார்குழலி."

"அப்பா பேரு?"

"வெள்ளைச்சாமி. டிக்கெட் செக்கர். ரிட்டயர்டு."

"என்ன விஷயமாக் கேக்குறீங்க?"

அவள் விரலில் ஒட்டிய பூண்டுத் தோலைத் தட்டிவிட்டாள். "பெங்களூர் போறதுக்கு."

"போனா திரும்பி வர்றது எப்போ?"

"மாசம் ஒரு தடவ வருவேன்ப்பா."

"எந்த பஸ்ல?"

"நீங்க எந்த பஸ்னு சொல்றீங்களோ அதுல."

அடையாளம் சரியாக இருந்ததால் எண்ணைப் படித்தேன். கண்ணாடி போடாததால் எட்டை மூன்று என்று படித்துவிட்டேன். மறுபடி வரவழைக்கவேண்டியிருந்தது. இரண்டாவது முறை பாக்கியம் கண்ணாடியை எடுத்துவந்து என் மூக்கில் மாட்டினாள். சரியாகப் படித்தேன்.

மெயில் திறந்தது. நீள எண் அதில் பத்திரமாக இருந்தது. நான் படிக்கப் படிக்க அவள் அடித்தாள். பூட்டுத் திறந்தது. முதல் காரியமாகத் தன் படத்தை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தாள். நகல் முழுதாக இருக்கிறதா என்று லேப்டாப்பில் திறந்து பார்த்தாள். அப்புறம் அந்த அப்டேட்டைக் கழற்றிவிட்டுப் பழைய நிலைக்குப் போகச் சொல்லிக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தாள். திரையில் மறுபடி அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது. இந்த முறை கீழே இருந்த வேண்டுகோளைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். 'கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்று எழுதியிருந்தது. மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

நான் ஸ்விட்சுக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். பாக்கியத்தை மிக்ஸி போடவேண்டாம் என்று சொன்னேன். ஃபியூஸ் போனால் யார் பொறுப்பு? சட்னியை அம்மியில் அரைத்தாள். என்னைத் திட்டிக்கொண்டே அரைத்ததால் நைஸாக வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னலில் வந்து நின்றது. முறைத்தேன். போய்விட்டது.

மாலை டீ நேரத்தில் கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. திரையில் கொடைக்கானல் படம் வந்தது. குழலி நாற்காலியிலிருந்து எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல், என் தலையில் இருந்த ஒட்டடையை எடுத்துவிட்டாள். ஒட்டடை அடித்து ஒன்பது நாள் ஆகிறது. அங்கே ஒட்டடை இருந்திருக்காது.

இரவு பூரி.

அக்டோபர் 20, ஞாயிறு

படத்தைக் காட்டினாள். ஒரு தெருநாய் தினமும் டவுன் பஸ்ஸில் ஏறி, சரியான நிறுத்தத்தில் இறங்குகிறது. அவ்வளவுதான் கதை. இரண்டு நிமிஷம்கூட இல்லை. நான் மூன்று தடவை பார்த்தேன், தவறுகளைக் கண்டுபிடிப்பதற்காக.

தவறுகள்: கண்டக்டர் விசிலைத் தவறான கையில் பிடித்திருக்கிறார். பஸ்ஸின் பின் படிக்கட்டு உயரம் போதாது. மிக முக்கியமாக, வழியில் ஒரு செக்கர் ஏறுகிறார். நாய் சீட்டுக்கு அடியில் ஒளிகிறது. வால் மட்டும் வெளியே தெரிகிறது. செக்கர் வாலைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, தன் நோட்டில் ஒன்றும் எழுதாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

எந்தச் செக்கரும் இப்படிச் செய்யமாட்டார் என்று சொன்னேன். விசிலையும் படிக்கட்டையும் குழலி திருத்தினாள். செக்கரைத் திருத்தமுடியாது என்றாள்.

நல்ல மனிதர் போலத் தெரிகிறது. வேலைக்கு ஆகமாட்டார்.

அக்டோபர் 21, திங்கள்

அனுப்பிவிட்டாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிரசம் கல்லாக இருந்தது. குழலி வெடி போடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் செய்தி வரவேண்டும் என்று எனக்கே தெளிவாக இல்லை.

நவம்பர் 6, புதன்

வந்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டது. பதினெட்டாம் தேதி சேரவேண்டும். கம்பெனியில் அந்தச் செக்கரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்களாம், நன்றாக இருக்கிறது என்றார்களாம். சிரிக்கும்படி அதில் ஒன்றும் இல்லை.

கடைவீதிக்குப் போய் ஒரு கம்பளி வாங்கினேன். பாக்கியம் அதே கம்பளியை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள். எப்போது வாங்கினாய் என்றால், போன மாதமே வாங்கிவிட்டேன் என்கிறாள்.

நவம்பர் 17, ஞாயிறு

பெங்களூர். குழலியின் விடுதி அறைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பகல் பஸ்ஸில் கிளம்பினோம். கம்ப்யூட்டரை லாரி பார்சலில் போடலாம் என்றாள் குழலி. பார்சல்காரர்கள் பெட்டியை எப்படித் தூக்கி எறிவார்கள் என்று எனக்குத் தெரியும். நம்மோடுதான் வரவேண்டும் என்றேன். பாக்கியம் பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். மூட்டு வலியால் அதற்குமேல் வரவில்லை. குழலியைப் பார்த்து அழாமல், கம்ப்யூட்டரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அழுதாள்.

மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் குழலி, நடுவில் கம்பளி சுற்றிய கம்ப்யூட்டர், இந்தப் பக்கம் நான். கண்டக்டர் இளவயசுக்காரர். பெட்டிக்குச் சீட்டு வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அது கூடாது, சீட்டை அடைத்தால் டிக்கெட் எடுக்கவேண்டும் என்று நான் விதியைச் சொன்னேன். குழலி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். குழலிக்கு ஒரு டிக்கெட், கம்ப்யூட்டருக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன். எனக்கு ஓய்வு பெற்றவர்களுக்கான பாஸ் இருக்கிறது. "பாஸ்" என்றேன். கண்டக்டர் என் தோரணையைப் பார்த்துவிட்டுக் காட்டச் சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு மெமோ கொடுத்திருக்கவேண்டும்.

தொப்பூர் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தி ஒரு பரிசோதகர் ஏறினார். ஒல்லியான ஆள். பைக்குள் விரல் விட்டுத் துழாவுகிறவர்களை விட்டுவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டார். சரியான முறை. எனக்குப் பிடித்துப்போயிற்று. நம் வரிசைக்கு வந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே கம்ப்யூட்டரின் டிக்கெட்டை நீட்டினேன். ஆச்சரியப்பட்டார். பெட்டிக்கு டிக்கெட் எடுத்தவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். நான் தலையை லேசாக அசைத்தேன்.

"உங்க டிக்கெட்?"

"பாஸ்."

"காட்டுங்க சார்."

சட்டைப் பையில் கை விட்டேன். அதில் சீப்பு இருந்தது. பாஸ் நேற்றுப் போட்ட சட்டையில் இருக்கிறது. நேற்றுப் போட்ட சட்டை திண்டுக்கல்லில், கொடியில் இருக்கிறது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அதே இலாகாதான் என்று சொன்னேன். அவர் பணிவாக, "இலாகால இருந்தவங்களுக்கு விதி தெரியுமே சார்" என்றார். நான் பணியில் இருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். இதே குரலில்.

அவர் அபராதச் சீட்டை எழுத ஆரம்பித்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. பர்ஸை எடுப்பதற்குள் குழலி கம்ப்யூட்டருக்கு மேலாகக் கை நீட்டிப் பணத்தைக் கொடுத்துவிட்டாள்.

"நீங்க யாரும்மா?" என்று அவர் கேட்டார்.

"இவரு என்கூட வந்தவரு சார்" என்றாள். "இவருக்கு நான் பொறுப்பு."

கிருஷ்ணகிரி வரும் வரைக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணகிரியில் என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். கம்ப்யூட்டர் மேல் தலையைச் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வழிய, ஓசூர் வரை சிரித்தாள். முன் சீட்டுக் குழந்தை எழுந்து நின்று இவளைப் பார்த்துச் சிரித்தது. கண்டக்டர் சிரித்தார். எதற்கு என்று தெரியாத ஆட்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓசூர் டோல்கேட்டில்தான் வந்தது.

அந்த அபராதச் சீட்டு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. விதிப்படி பயணிதான் வைத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டேன். மடித்துத் தன் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள். தரமாட்டேன் என்கிறாள்.